விறகு ரூமையும் தியேட்டர் ஆக்கலாம்... மண்ணைத் தோண்டினால்தான் ஆபத்து! ரூ.46 ஆயிரத்தில் ஹோம் தியேட்டர் அமைப்பது எப்படி?

குன்னூர்,-

சீட்டுப் பணம் கைக்கு வந்தால் முன்பெல்லாம் ஒரு கிராம் இரண்டு கிராம் நகை வாங்குவார்கள். இல்லாவிட்டால் பெரிய டி.வி. வாங்குவார்கள். இப்போது நம்ம ஆட்களுக்கு புது ஆசை ஒன்று பிடித்துக்கொண்டு இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே ஒரு தியேட்டர்!

குடும்பத்தோடு 4 பேர் படத்துக்குப் போனால் பஸ் சார்ஜ், டிக்கெட், இடைவேளை பாப்கார்ன் என்று ஒரு நாள் கூலி அப்படியே காலி. அதையே வீட்டில் பார்த்தால் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

மலைப்பகுதி வீடுகளில் இதற்குத் தோதான இடமும் இருக்கிறது. சரிவில் கட்டிய வீடுகள் என்பதால் ரோட்டு மட்டத்தில் வீடு இருக்கும். அதற்குக் கீழே, பின்பக்கச் சுவர் மண்ணுக்குள் புதைந்த மாதிரி ஒரு ரூம் இருக்கும். விறகு, உருளைக்கிழங்கு மூட்டை, உடைஞ்ச நாற்காலி எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஒரே ஒரு ஜன்னல். பட்டப்பகலில்கூட இருட்டு. சினிமா பார்க்க வேறென்ன வேண்டும்?

(சமவெளி வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கொத்தனார் 'பேஸ்மட்டம்' என்று சொல்வது தரைக்கு மேலே 2 அடி, 3 அடி எழுப்பும் அடித்தளத்தை. அதில் ஆள் உட்கார முடியாது. இங்கே நாம் பேசுவது வீட்டுக்கு அடியில் இருக்கும் ரூமைப் பற்றி.)

பட்டுத் தெரிந்துகொண்ட கதை

இந்த விஷயத்தில் நிருபரே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர் என்பது குறிப்பிடத்தக்கது.

செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. '4கே புரொஜெக்டர், 9 ஆயிரம் லூமன்ஸ், இன்று மட்டும் பாதி விலை' என்று போட்டிருந்தார்கள். ஆர்டர் போட்டேன். கூடவே '5000 வாட்ஸ்' என்று எழுதியிருந்த ஸ்பீக்கர் செட் ஒன்றும் வாங்கினேன். கீழ் ரூமைக் கூட்டிப் பெருக்கி, சுவர் முழுக்க தெர்மாகோல் ஒட்டி, தரையில் கார்பெட் விரித்து, ஆகஸ்டு மாதம் அமர்க்களமாக திறப்பு விழா நடந்தது.

அக்டோபரில் மழை பிடித்தது. குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்யும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியது இல்லை. ஒரு வாரம் விடாமல் கொட்டியது. தீபாவளி முடிந்து ஒரு நாள் கீழே போய்ப் பார்த்தால், தெர்மாகோல் பாதி கீழே விழுந்து கிடக்கிறது. அதன் பின்பக்கம் கருகருவென்று பூசணம். கார்பெட்டைத் தூக்கினால் ஈரம் சொட்டுகிறது. புரொஜெக்டர் லென்சுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளைக் கோடு. படம் போட்டால் எல்லா ஹீரோவும் பனிமூட்டத்தில் நடந்து வருகிற மாதிரி தெரிகிறார்கள்.

வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. பார்த்த பார்வையே போதும்.

அடுத்த சீட்டு எடுத்தபோது கையில் ரூ.50 ஆயிரம் வந்தது. இந்தமுறை கடைக்குப் போவதற்கு முன்னால் போய்ப் பார்த்தது ஒரு கொத்தனாரை. இரண்டாவது, ஒரு எலக்ட்ரீசியனை. கடைக்குப் போனது கடைசியாகத்தான். அந்த வரிசையில்தான் இந்தக் கட்டுரையும் போகிறது.

மண்ணைத் தோண்டாதீங்க!

முதல் எச்சரிக்கை இதுதான். கீழே ரூம் இல்லாதவர்கள், 'ஒரு ரூம் தோண்டி எடுத்துக்கலாமே' என்று நினைக்கிறார்கள். நீலகிரியில் மேலே கட்டுவதற்கு 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருப்பதால், கீழே போகலாம் என்ற யோசனை சிலருக்கு வருவது இயல்புதான்.

தயவுசெய்து அந்த வேலை வேண்டாம். சரிவில் நிற்கும் வீட்டைத் தாங்குவது அஸ்திவாரம் மட்டும் அல்ல. அஸ்திவாரத்துக்குக் கீழேயும் பக்கத்திலும் இறுகிப்போய் இருக்கும் மண்ணும்தான். அதை வெட்டி எடுத்தால், வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி மண் கனத்து இளகும்போதுதான் ஆட்டம் தெரியும். அப்போது நம்ம வீடு மட்டும் அல்ல, மேல் வீடு, கீழ் வீடு எல்லாம் சேர்ந்து வரும்.

2009-ம் ஆண்டு நவம்பர் மாதம் நீலகிரியில் கொட்டிய மழையில் பல இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கே மண்ணை வெட்டவும், பொக்லைன் எந்திரம் ஓட்டவும் முறையான அனுமதி வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக மண்வெட்டி வைத்து வெட்டினாலும் சட்டம் ஒன்றுதான், சரிவும் ஒன்றுதான். இருக்கிற ரூமை உயரப்படுத்துவதற்காக தரையை ஒரு அடி வெட்டுவதும் இதே கதைதான். அஸ்திவாரக் கல்லின் அடிப்பக்கம் தெரிந்துவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு என்ஜினீயரைக் கூப்பிடவேண்டும்.

ஏற்கனவே ரூம் இருக்கிறதா, செய்யுங்கள். இல்லையா, மேலே இருக்கிற ரூமில் கனமான ஸ்கிரீன் துணி மாட்டி இருட்டாக்கிக் கொள்ளுங்கள். படம் ஒரே மாதிரிதான் தெரியும்.

பாலிதீன் கவர் சோதனை

ரூம் இருக்கிறது. அது ஓதம் அடிக்கிறதா, இல்லையா? தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. வெயில் காலத்தில் எல்லா சுவரும் நல்ல சுவர்தான்.

இதற்கு காசு இல்லாத சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் கவரை வெட்டி, மண்ணைத் தொட்டபடி இருக்கும் சுவரில் வைத்து, நாலு பக்கமும் காற்று புகாமல் டேப் ஒட்டவேண்டும். தரையிலும் அதேபோல ஒன்று. 2 நாள் விட்டுவிட வேண்டும்.

பிறகு பார்த்தால், கவரின் உள்பக்கம், அதாவது சுவர் பக்கம், நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் தண்ணீர் சுவர் வழியாக வருகிறது என்று அர்த்தம். கவரின் வெளிப்பக்கம் நனைந்து, உள்பக்கம் காய்ந்திருந்தால் சுவர் நல்ல சுவர். ரூம் காற்றில்தான் ஈரம். முதல் வியாதிக்கு கொத்தனார் வேண்டும். இரண்டாவது வியாதிக்கு ஒரு எக்சாஸ்ட் பேன் போதும்.

மழை முடிந்த ஒரு வாரத்துக்குள் இந்த சோதனையைச் செய்வதுதான் சரி. மே மாதம் செய்துவிட்டு 'பாஸ்' என்று நினைத்து ஏமாறக்கூடாது.

என் ரூமில் உள்பக்கம் குளமாகவே நின்றது.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் உள்சுவரில் வாட்டர் புரூப் பெயிண்ட் அடிக்கிறார்கள். பின்னால் இருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டே இருந்தால் அந்த பெயிண்ட் ஒரு மழைக்கு, இரண்டு மழைக்குத் தாங்கும். அப்புறம் அப்பளம் மாதிரி உப்பி உரிந்துவிடும். தண்ணீரை சுவருக்கு வெளியிலேயே மடக்கி அனுப்புவதுதான் வைத்தியம்.

கொத்தனார் செய்தது இதுதான். வீட்டின் மேட்டுப் பக்கம், சுவரை விட்டுத் தள்ளி, கூரைத் தண்ணீர் விழுந்து தேங்கிய இடத்தில் ஏற்கனவே இருந்து தூர்ந்துபோன வாய்க்காலை மண் எடுத்து சுத்தம் செய்தார். அதில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பைப்பைப் படுக்க வைத்து, சுற்றிலும் ஜல்லி கொட்டி, தண்ணீர் பக்கத்து ஓடைக்குப் போகிற மாதிரி வாட்டம் கொடுத்தார். கூரைத் தண்ணீருக்கு தகரத் தூம்பு மாட்டி அதையும் அதே வாய்க்காலுக்கு விட்டார். தடுப்புச்சுவரில் தண்ணீர் வெளியேற விட்டிருந்த ஓட்டைகள் அடைத்துக் கிடந்தன. கம்பியை விட்டுக் குத்தியதும் சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி அடித்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. அவ்வளவு தண்ணீரையும் இத்தனை வருஷம் அந்தச் சுவர் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது! வேலை முடிந்த பிறகுதான் உள்சுவரில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, வாட்டர் புரூப் மருந்து கலந்து பூசினார்.

செலவு கூலியோடு சேர்த்து ரூ.9 ஆயிரத்து 500. ஒரு மழைக்காலம் முழுக்க ரூமைச் சும்மா போட்டு வைத்திருந்து பார்த்தோம். கவர் காய்ந்தே இருந்தது. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை சரிப்பட்டு வராது.

சுர்ரென்று இழுத்த ஆம்ப்ளிபயர்

அடுத்தது கரண்ட். முதல் தியேட்டர் காலத்திலேயே ஒரு சம்பவம் நடந்தது. வீட்டுக்காரம்மா வெறுங்காலோடு நின்று ஆம்ப்ளிபயரின் இரும்புப் பெட்டியைத் துடைக்க, சுர்ரென்று இழுத்தது. 'சின்ன ஷாக்குதான்' என்று அப்போது விட்டுவிட்டோம்.

அப்புறம் வந்த எலக்ட்ரீசியன் பிளக் பாயிண்டைக் கழற்றினார். 3 ஓட்டை இருக்கிறது. மேலே உள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை! எர்த் என்பது வெறும் அலங்காரத்துக்குத்தான் இருந்திருக்கிறது. ஈரத் தரை, எர்த் இல்லாத பாயிண்ட், இரும்புப் பெட்டி. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் அது 'சின்ன ஷாக்' அல்ல. உயிரை வாங்குகிற ஷாக்.

கீழ் ரூமுக்கு என்று தனியாக ஒரு லைன் இழுக்கவேண்டும். பவர் பாயிண்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், அதற்கு ஏற்ற எம்.சி.பி., அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். கடையில் 'டிரிப்பர்' என்று கேட்டால் எம்.சி.பி.யையும் கொடுப்பார்கள், ஆர்.சி.சி.பி.யையும் கொடுப்பார்கள். இரண்டும் வேறு வேறு. ஒயர் சூடாகி எரியாமல் காப்பது எம்.சி.பி. மனுஷன் உடம்பு வழியாக கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் கட் செய்வது ஆர்.சி.சி.பி. அதன் மேல் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். விழவில்லை என்றால் அது செத்துப்போச்சு, மாற்றவேண்டும்.

கரண்ட் பில் பற்றி பயப்படவேண்டாம். சின்ன எல்.இ.டி. புரொஜெக்டரும் ஸ்பீக்கர் செட்டும் சேர்ந்து 200 வாட் இழுத்தாலும், 3 மணி நேரப் படத்துக்கு முக்கால் யூனிட்கூட ஆகாது. இடி மின்னல் நேரத்தில் மட்டும் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை ஆப் செய்தால் போதாது.

கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்

இது சினிமா சம்பந்தப்பட்டது இல்லை என்று தோன்றலாம். ஆனால் எழுதாமல் விடமுடியாது.

டிசம்பர், ஜனவரியில் கீழ் ரூம் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். சத்தம் வெளியே போகக்கூடாது என்று கதவு இடுக்கெல்லாம் ரப்பர் ஒட்டி அடைத்திருப்போம். குளிருக்கு ஒரு இரும்புச் சட்டியில் கரி போட்டு மூட்டிக்கொண்டு படம் பார்க்க உட்கார்ந்தால் எவ்வளவு சுகமாக இருக்கும்!

அந்த சுகம்தான் எமன். மூடிய ரூமில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. முதலில் லேசாகத் தலை வலிக்கும், அப்புறம் தூக்கம் வரும். தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். மலைப்பகுதியில் குளிருக்கு கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் பிணமாகக் கிடந்த செய்திகளை இதே போன்ற பக்கங்களில்தான் படித்திருப்பீர்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாருங்கள். ஜெனரேட்டரை கீழ் ரூமில் வைப்பதும் இதே ஆபத்துதான்.

எவ்வளவுதான் அடைத்தாலும், காற்று வந்து போக ஒரு வழியும், அவசரத்துக்கு ஓடிவர தடங்கல் இல்லாத ஒரு வாசலும் இருந்தே ஆகவேண்டும். வாசலை மறித்து சோபா போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தெர்மாகோல், முட்டை அட்டை சத்தத்தை நிறுத்துமா?

நிறுத்தாது. இது ஊர் முழுக்க இருக்கும் நம்பிக்கை, ஆனால் வெறும் நம்பிக்கைதான். சத்தத்தை வெளியே விடாமல் தடுக்கிறது கனம். கல் சுவர் தடுக்கும், கனமான மரக்கதவு தடுக்கும். ஊதினால் பறக்கும் தெர்மாகோல் எதைத் தடுக்கப்போகிறது? போதாக்குறைக்கு தீப்பிடித்தால் கரும்புகை கக்கிக்கொண்டு எரியும். முட்டை அட்டையும் அப்படியே பற்றிக்கொள்ளும்.

அந்த விதத்தில் கீழ் ரூமுக்கு யோகம். மூன்று பக்கம் மண்ணும் கல்லும். சத்தம் கசிவது கதவு இடுக்கிலும், மேல் தளம் வழியாகவும்தான். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, கீழே ஒரு பட்டை ஒட்டினாலே பாதி சத்தம் அடங்கிவிடும்.

ரூமுக்குள்ளே 'கணகண' என்று எதிரொலிப்பது தனி வியாதி. பேச்சு புரியாது. அதற்கு கனமான துணி வேண்டும். பழைய கம்பளி, திரைச்சீலை, பஞ்சு மெத்தை எல்லாமே உதவும். நாங்கள் மரச்சட்டத்தில் ராக்வூல் அடைத்து, துணி கட்டி, உட்காரும் இடத்துக்கு இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொன்று மாட்டினோம். சுவரில் ஒட்டாமல் 2 விரல் இடைவெளி விட்டு மாட்டியிருப்பதால் பின்னால் காற்று ஓடுகிறது, பூசணம் பிடிக்கவில்லை. (ராக்வூல் வேலை செய்யும்போது கையுறை, மாஸ்க் போடாவிட்டால் 2 நாள் சொறிந்துகொண்டே இருக்கவேண்டியதுதான்.)

'5000 வாட்ஸ்' புருடா

இனி கடைக்குப் போகலாம். ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில் 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட்ஸ் எழுதியிருப்பார்கள். அது ஒரு நொடியின் சின்னத் துணுக்கில் வரக்கூடியதாக அவர்களே கணக்குப் போட்டுக்கொண்ட எண். பார்க்கவேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' வாட்ஸ்.

கடைக்காரர் சொல்வது உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பெட்டியைத் திருப்பி பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று வாட்ஸில் இருக்கும். 80 வாட்ஸ் இழுக்கிற பெட்டி 5000 வாட்ஸ் சத்தம் தொடர்ந்து கொடுக்க முடியுமா? 80 ரூபாய் கொடுத்து 5 ஆயிரம் ரூபாய் சில்லரை கேட்கிற கதை அது.

10-க்கு 14 அடி ரூமுக்கு 100 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். இருந்தாலே காது கிழியும்.

5.1 என்றால் 5 ஸ்பீக்கர், ஒரு சப்-ஊபர். '.1' என்பது அந்த சப்-ஊபர்தான். 120 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள 'தும் தும்' சத்தம் மட்டும் அதற்கு. ஆனால் நம்ம ஆட்கள் சப்-ஊபரைப் பார்த்து மயங்கி, சென்டர் ஸ்பீக்கரைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். படத்தில் பேசுகிற வசனம் பெரும்பாலும் வருவது அதில்தான். 'சண்டை வந்தால் வீடே அதிருது, பேசினால் ஒன்றும் கேட்கலை' என்று புலம்புகிறவர்கள் வீட்டில் சென்டர் ஸ்பீக்கர் டி.வி. ஸ்டாண்டுக்குள் புதைந்து கிடக்கும். அதை ஸ்கிரீனுக்கு நேர் கீழே, முகத்தைப் பார்த்த மாதிரி வைத்து, அதன் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினால் பிரச்சினை தீர்ந்தது.

முன் ஸ்பீக்கர் இரண்டும் ஸ்கிரீனுக்கு இரண்டு பக்கம், காது உயரத்தில். பின் ஸ்பீக்கர் இரண்டும் உட்காருகிறவர் காதுக்கு நேர் பக்கத்திலோ, சற்றுப் பின்னாலோ. தலைக்கு மேலே மூலையில் மாட்டுவது பார்க்க அழகு, கேட்க இல்லை.

சப்-ஊபரை எங்கே வைப்பது? ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு பாட்டைப் போடுங்கள். பிறகு குழந்தை மாதிரி சுவர் ஓரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் அடி சத்தம் குழம்பாமல் தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே வைத்தால் சரி. பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒயர் மாட்டும்போது சிவப்புக்கு சிவப்பு, கறுப்புக்கு கறுப்பு. ஒன்று மாறினாலும் அடி சத்தம் செத்துவிடும். ஒயர் குழம்பிவிட்டால் சுவர் கடிகார பேட்டரி ஒன்றை ஒயர் நுனியில் தொட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர் கூம்பு வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரியின் பிளஸ் பக்கம் தொட்டது பிளஸ். உள்ளே போனால் மாறியிருக்கிறது.

நாங்கள் கோவை போய் பழைய ஆம்ப்ளிபயர் ஒன்றும், ஸ்பீக்கர்களும் சேர்த்து ரூ.12 ஆயிரத்துக்கு வாங்கினோம். பழசு வாங்குகிறவர்கள் கையோடு பென் டிரைவும் கொண்டுபோய், கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, 5 ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதா என்று பார்த்தே வாங்கவேண்டும்.

லூமன்ஸ் கணக்கு

புரொஜெக்டரில்தான் புளுகு அதிகம். '9 ஆயிரம் லூமன்ஸ்' என்று எழுதியிருக்கும். 'ஆன்சி லூமன்ஸ்' எவ்வளவு என்று கேட்டால் கடைக்காரர் பேச்சை மாற்றுவார். அதுதான் நிஜ வெளிச்சம்.

முழு இருட்டு ரூமில் 80 அங்குலப் படத்துக்கு 300 ஆன்சி லூமன்ஸ் இருந்தாலே தியேட்டர் வெளிச்சம் வந்துவிடும். 100 அங்குலத்துக்கு 500 வேண்டும். வெளிச்சம் குறைந்த மெஷினை வாங்கிவிட்டு 150 அங்குலம் அடித்தால் அழுக்குத் தண்ணீரில் படம் பார்க்கிற மாதிரிதான் இருக்கும்.

அதேபோல '4கே சப்போர்ட்' என்றால் 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். வெளியே காட்டுவது எவ்வளவு என்று தெரிய 'நேட்டிவ் ரெசல்யூஷன்' பார்க்கவேண்டும். 1920-க்கு 1080 என்று இருந்தால் தைரியமாக வாங்கலாம். என்னுடைய முதல் '4கே' மெஷின் நேட்டிவ்வாக 800-க்கு 480!

வாங்குவதற்கு முன் டேப் பிடித்து அளக்கவேண்டும். 80 அங்குல ஸ்கிரீன் என்றால் அகலம் 70 அங்குலம், உயரம் 39 அங்குலம். புரொஜெக்டரில் 'த்ரோ ரேஷியோ' 1.3 என்று போட்டிருந்தால், அகலத்தை 1.3-ஆல் பெருக்கவேண்டும். 91 அங்குலம், அதாவது ஏழரை அடி தூரத்தில் மெஷின் இருக்கவேண்டும். அளக்காமல் வாங்கிவிட்டு சுவரை இடிக்க முடியாது.

ஸ்கிரீனுக்கு தனியாகச் செலவு செய்யவேண்டாம். சுவரில் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பளபளப்பு இல்லாத வெள்ளை பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் அதுவே ஸ்கிரீன். சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்கு கறுப்பு பார்டர் கொடுத்தால் படம் பளிச்சென்று தூக்கும். ஸ்கிரீனுக்குப் பக்கத்துச் சுவரும், முன்பாதி சீலிங்கும் அடர்நிறமாக இருக்கவேண்டும். வெள்ளை சீலிங் வெளிச்சத்தைத் திருப்பி ஸ்கிரீன் மேலேயே கொட்டி, கறுப்பை சாம்பல் ஆக்கிவிடும்.

படம் முடிந்து மெஷின் சூடு ஆறியதும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு மூடி வைக்கிறோம். நீல மணி இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சூடுகாட்டினால் மறுபடி நீலமாகும். இந்தச் சின்ன வேலையைச் செய்திருந்தால் முதல் மெஷினும் பிழைத்திருக்கலாம். எக்சாஸ்ட் பேனை வெயில் அடிக்கிற நாளில் போடுங்கள். பனிமூட்டம் இறங்கியிருக்கும்போது போட்டால் மூட்டத்தை வீட்டுக்குள் இழுத்து வைத்த கதை ஆகிவிடும்.

பத்து மணிக்கு மேல்...

ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்பு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் விதியைப் புரட்டிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. சப்-ஊபருக்கு அடியில் கனமான ரப்பர் ஷீட் வைத்தால் அதிர்வு கொஞ்சம் குறையும்.

இன்னொன்று. கிரிக்கெட் மேட்சுக்கு ஆளுக்கு 20 ரூபாய் வசூலித்து உட்கார வைக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. காசு வாங்கிக் காட்டினால் காப்பிரைட் சட்டம், சினிமா லைசென்ஸ் சட்டம் எல்லாம் வந்து நிற்கும். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு டீ கொடுத்து சும்மா காட்டுங்கள்.

நாற்காலிக்கு என்ன செய்வது? மூடிய தியேட்டர்களின் பழைய சீட் காயலான் கடையில் கிடைத்தால் விலை மலிவுதான். மூட்டைப்பூச்சி இலவசமாக வரும். நாங்கள் பாயும் தலையணையும்தான்.

மொத்தக் கணக்கு வருமாறு:- வாய்க்கால், பூச்சு ரூ.9,500. கரண்ட் வேலை ரூ.5,200. பெயிண்ட், துணி, மரச்சட்டம், ராக்வூல் ரூ.4,300. ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர் ரூ.12 ஆயிரம். புரொஜெக்டர் ரூ.13,500. கேபிள், ஸ்டாண்டு, டப்பா ரூ.1,500. ஆக ரூ.46 ஆயிரம். முதல் மூன்றும் கண்ணுக்கே தெரியாத செலவு. கடைக்காரர் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

50 ஆயிரத்தில் மிச்சம் 4 ஆயிரம் இருந்தது. அதை வீட்டுக்காரம்மா வாங்கி வைத்துக்கொண்டார். மேல் வீட்டு அடுப்படிப் பக்கத்து பாயிண்டுக்கும் எர்த் ஒயர் இழுக்கவேண்டுமாம்.

போன நவம்பர் மழையில் கவரை ஒட்டி மறுபடி பார்த்தேன். காய்ந்தே இருக்கிறது.